வால்வு ஸ்பிரிங் மாற்றினால் பில்லில் அளவும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் காரின் வேகத்தைக் கூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏர் ஃபில்டர், சைலன்சர், ஈசியூ ரீமேப் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) பற்றியெல்லாம் எழுதியவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். அதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், "ரேஸிங் வால்வு ஸ்பிரிங் பொருத்தினால் இன்ஜினின் பவர் கூடும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டார். அந்த வரியைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு பையன்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். "ஏனுங்கண்ணா, பேப்பர்லயே போட்டிருக்காங்க, நீங்க மட்டும் வேண்டாம்ங்கறீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவை கணபதியில் ஹெட் வேலை மட்டும் செய்பவன். ஹெட் என்பது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பாகம். என்னிடம் முழு வண்டி வருவது அபூர்வம். மெக்கானிக் கழற்றிய ஹெட்டைச் சாக்கில் சுற்றி டூவீலரில் கொண்டுவந்து இறக்குவார். சீட் (வால்வு மூடி உட்காரும் இடம்) வெட்டி, கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) மாற்றி, மட்டம் பார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிகளின் ஹெட்டும் வரும், மளிகைக்கடை ஆம்னியின் ஹெட்டும் வரும்.

முதலில் அந்த வரிக்கு வருகிறேன். ஸ்பிரிங் பவர் தராது. இன்ஜினுக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் கதவுதான் வால்வு. அதைத் திறப்பது கேம் என்ற மூக்குள்ள சுழல் தண்டு, அதன் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோவது ராக்கர் என்ற நெம்புகோல், மூடுவது ஸ்பிரிங். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. கம்பெனி போட்ட ஸ்பிரிங் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கும்வரை, அதைவிடக் கெட்டியானதைப் போட்டு அரை குதிரைத்திறன்கூட எடுக்க முடியாது. கேமும் ராக்கரும் கூடுதல் பாரத்தில் உரசும், அவ்வளவுதான் மிச்சம். ஏதாவது கிடைக்கிறது என்றால் தேய்மானம்தான்.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்? மூன்று பேருக்கு வேண்டும். ரெவ் லிமிட்டை (இன்ஜின் சுற்றும் வேகத்தின் உச்சவரம்பை) ஏற்றியவர், லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்) கூடிய கேம் போட்டவர், டர்போ பூஸ்ட்டை (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை) ஏற்றியவர்.

ரெவ்வை ஏற்றியவர் கணக்கு இது. வால்வை கேமோடு ஒட்டி இறக்க வேண்டிய விசை, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 6500-லிருந்து 7500-க்குப் போனால் வேகம் கூடுவது 15 சதவீதம், ஸ்பிரிங்கிடம் கேட்கப்படும் விசை கூடுவது 33 சதவீதம். ஸ்பிரிங்கால் அதைக் கொடுக்க முடியாதபோது கேமின் மூக்கைத் தாண்டியதும் ராக்கர் அதை ஒட்டி இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் வால்வு சீட்டின் மேல் விழுந்து துள்ளும். இதைத்தான் ஃப்ளோட் என்கிறோம். ஓட்டுபவருக்கு வண்டி ஒரு இடத்துக்கு மேல் ஏறாமல் திணறுவதாகத் தெரியும். உள்ளே வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டினால் அதோடு கதை முடிந்தது.

டர்போக்காரர் கணக்கு வேறு. பூஸ்ட் காற்று, அது உள்ளே போகும் இன்டேக் வால்வின் முதுகில் அழுத்தி, மூடியிருக்கும் வால்வைத் திறக்கப் பார்க்கும். 30 மி.மீ. வால்வு என்றால் பரப்பு 7 சதுர செ.மீ. ஆகிறது. 1 பார் பூஸ்ட் அதன் மேல் ஏறக்குறைய 7 கிலோ தள்ளும். சீட்டில் 25 கிலோ பிடித்துக்கொண்டிருந்த ஸ்பிரிங், இப்போது 18 கிலோதான் பிடிக்கிறது. இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் டீசல் வண்டியில் ரீமேப் மட்டும் செய்துவிட்டு, 5000-ஐக்கூடத் தொடாத இன்ஜினுக்கு "ஹை ரெவ் ஸ்பிரிங்" தேடி அலைவதை என்னவென்று சொல்வது!

இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங்குக்கென்று சொந்தமாக ஒரு அதிர்வு இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் மேலே மேலே போகுமே, அதுபோல கேமின் தட்டல் அந்த அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஸ்பிரிங்கின் நடுச்சுற்றுகள் தம்பாட்டுக்கு ஆடத் தொடங்கும். அதை அடக்கத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங், மேல்பக்கம் குறுகிய தேன்கூடு வடிவ ஸ்பிரிங், ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளி விட்டும் சுற்றிய ஸ்பிரிங் என்று பல தினுசு வந்தது. இதில் கடைசி தினுசைத் தலைகீழாகப் போடுபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நெருக்கச் சுற்று கீழே, ஹெட் பக்கம் உட்கார வேண்டும். மாருதியின் சர்வீஸ் புத்தகத்திலேயே இது படத்தோடு இருக்கிறது.

இனி என் மேசைக்கு வந்த ஒரு ஹெட்டைப் பற்றிச் சொல்கிறேன். பழைய எஸ்டீம், 1300 சிசி, 16 வால்வு. டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்த வண்டி. வேறொரு பட்டறையில் புது கேமும், ஆன்லைனில் வரவழைத்த இரட்டை ஸ்பிரிங் கிட்டும் போட்டிருந்தார்கள். ஓட்டிய கொஞ்ச நாளிலேயே வண்டி நீலப் புகை விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை கூடுதலாக இருந்தது. அப்புறம் டிக் டிக் என்று ஒரு சத்தம். பையன் ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ராக்கரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது வால்வு சீல்கள், அதாவது தண்டு வழியாக ஆயில் கீழே இறங்காமல் தடுக்கும் ரப்பர் மூடிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் காசை வைத்து அழுத்திய மாதிரி வட்டமாக ஒரு தடம். ஸ்பிரிங்கின் தலைமேல் உட்காரும் ரிட்டெய்னர், வால்வு முழுசாகத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இறங்கி சீலைக் குத்தியிருக்கிறது. இரண்டு சீல்களில் ரப்பரைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி வளையமே கழன்று கீழே கிடந்தது. புகைக்குக் காரணம் அதுதான். அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி பளபளப்பு. சுற்றுகள் ஒன்றோடொன்று மோதிய அடையாளம் அது. ஒரு வெளி ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. உள் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டதால் வால்வு சிலிண்டருக்குள் விழவில்லை. இரட்டை ஸ்பிரிங்கினால் கிடைக்கும் நன்மைகளில் இதுவும் ஒன்று.

ஸ்பிரிங் மட்டமானதா என்று பையன் கேட்டான். இல்லை, நல்ல ஸ்பிரிங்தான். போட்டவர் அளக்கவில்லை. கிட்டோடு வந்த ஷிம் வளையங்களை (உயரம் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்கும் தகடுகளை) பதினாறு வால்வுக்கும் ஒரே மாதிரி கீழே வைத்து மேலே ஸ்பிரிங்கை உட்கார வைத்துவிட்டார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் புது ஹெட்டுக்கானவை. நம்மூரில் ஒரு ஹெட் என்னிடம் வருவதற்குள் எத்தனை முறை சீட் வெட்டப்பட்டிருக்கும் என்று அதற்கே தெரியாது. சீட்டை வெட்ட வெட்ட வால்வு உள்ளே இறங்கும். அதன் தண்டு மேலே எழும்பும். தண்டு எழும்பினால் ரிட்டெய்னரும் எழும்பும். ஸ்பிரிங் உட்காரும் உயரம் கூடிவிடும், அழுத்தம் குறைந்துவிடும். அதுவும் எல்லா வால்விலும் ஒரே அளவு கூடியிருக்காது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டுதான் சூட்டில் அதிகம் கெடும், அதையே அதிகம் வெட்டியிருப்பார்கள். அந்த எஸ்டீம் ஹெட்டில் ஒரு வால்வுக்கும் இன்னொரு வால்வுக்கும் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு ஸ்பிரிங்: 35 மி.மீ. உயரத்தில் உட்கார்ந்தால் சீட்டில் 25 கிலோ அழுத்தம். ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கலுக்கும் 3 கிலோ கூடும். சுற்றெல்லாம் ஒட்டி முழுசாக அமுங்கினால் 23 மி.மீ. கம்பெனி கேமின் லிஃப்ட் 9 மி.மீ. என்றால் வால்வு முழுசாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 26, மிச்சம் 3 மி.மீ. இருக்கிறது, அழுத்தம் 52 கிலோ. நிம்மதி. இப்போது 10.5 மி.மீ. லிஃப்ட் கேம் போடுகிறீர்கள். மிச்சம் 1.5 மி.மீ. அதுதான் எல்லைக்கோடு, அதற்குக் கீழே நான் விடமாட்டேன். இதற்கு மேல் உயரமே பார்க்காமல் 1 மி.மீ. ஷிம்மையும் கீழே திணித்தால் மிச்சம் அரை மில்லிமீட்டர்தான். ரெவ் ஏறி ஸ்பிரிங் ஆடும்போது அந்த அரை மில்லிமீட்டர் எங்கே நிற்கும்? சுற்றோடு சுற்று மோதும். மாறாக, சீட் அதிகம் வெட்டிய வால்வில் ஷிம்மே வைக்காமல் விட்டால் உயரம் 36 ஆகிவிடும். 25 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22 கிலோதான் இருக்கும். ரேஸிங் ஸ்பிரிங்குக்குக் காசு கொடுத்து அதில் 12 சதவீதத்தைச் சீட்டிலேயே விட்டாயிற்று.

அளப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் இல்லாமல் வால்வு, ரிட்டெய்னர், அதைத் தண்டோடு பூட்டும் லாக் மூன்றையும் மாட்டி, ரிட்டெய்னரை மேலே இழுத்துப் பிடித்து, ஸ்பிரிங் உட்காரும் தளத்திலிருந்து ரிட்டெய்னரின் அடிவரை அளக்க வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக அளந்து, ஹெட்டிலேயே மார்க்கரால் எழுதிவைக்க வேண்டும். ரிட்டெய்னரின் அடிக்கும் சீலின் உச்சிக்கும் உள்ள இடைவெளியில் லிஃப்ட்டைக் கழித்தால் குறைந்தது 1.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். லிஃப்ட் என்றால் கேம் பெட்டியில் எழுதியது இல்லை. ராக்கர் இருக்கும் இன்ஜினில் கேமின் லிஃப்ட் வேறு, வால்வின் லிஃப்ட் வேறு. மெலிசான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, வால்வின் மேல் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அழுத்தம் பார்க்க ஸ்பிரிங் டெஸ்டர் இல்லாதவர்கள் டிரில்லிங் மெஷினின் மேடையில் எடை மெஷினை வைத்து, ஸ்பிரிங்கைச் சரியான உயரத்துக்கு அழுத்திப் பார்க்கலாம். துல்லியமாக வராது, ஆனால் பதினாறில் எது நோஞ்சான் என்று காட்டிக்கொடுக்கும்.

ஹெட்டைக் கழற்றாமல் வண்டியிலேயே ஸ்பிரிங் மாற்றுவதும் உண்டு. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்று விட்டு வால்வைத் தாங்கிப் பிடிப்பார்கள். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் அதே ஓட்டையில் நைலான் கயிற்றைச் சுருட்டி விட்டு, பிஸ்டனை மேலே ஏற்றி, கயிற்றாலேயே வால்வை முட்டுக்கொடுப்பார்கள். பழைய ஆட்களின் இந்தக் கயிற்று வேலைக்கு நான் ரசிகன். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. காற்று விடும்போது இன்ஜின் சட்டென்று சுற்றிக்கொள்ளும், அதனால் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருக்க வேண்டும். வால்வு லாக் இரண்டு துண்டும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைக்காமல் வேலை தொடங்கினால், ஒன்று தெறித்து விழுந்து ஆயில் சேம்பரைக் கழற்ற வைக்கும். திருப்பி மாட்டும்போது லாக்கின் உள்பக்கம் துளி கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் வால்வு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது அவசரத்தில் யாரும் அளக்கும் வெர்னியரை எடுப்பதில்லை. கெட்டி ஸ்பிரிங் போடும் வண்டிக்கு ஹெட்டை இறக்கிவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங்கைக் கையாளும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கம்பிகள் குரோம் சிலிக்கான் போன்ற எஃகு. மேல்பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். அதனால் வைஸில் கடிக்கவிடக் கூடாது, ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது, அடையாளத்துக்கு என்று நம்பர் கீறக் கூடாது. போட்டதும் அன்றே டிராக்குக்கு ஓடவும் கூடாது. முதலில் நடுத்தர ரெவ்வில் இன்ஜின் சூடாகும்வரை ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, அப்புறம்தான் மிதிக்க வேண்டும். கேமும் புதிது என்றால் சிலர் இரட்டை ஸ்பிரிங்கில் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, கேம் பழகிய பின் மாட்டுவார்கள். வேலை இரண்டாகும்; கேம் பிழைக்கும்.

கட்டுரையில் ரேஸ் உலகத்தை மேற்கோள் காட்டியிருந்தார்கள். சரி, ரேஸ்காரர்கள் இந்த ஸ்பிரிங்கோடு பட்ட பாட்டையும் சொல்லியிருக்கலாம். 1954-இல் மெர்சிடிஸ் தன் கிராண்ட் பிரிக்ஸ் காரில் ஸ்பிரிங்கை நம்பாமல், வால்வைத் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று கேமையே இரண்டு வேலைக்கும் வைத்தது. அந்த வழியை டுகாட்டி பைக்குகள் நெடுங்காலம் விடாமல் பிடித்திருந்தன. 1986-இல் ரெனோ ஃபார்முலா ஒன் இன்ஜினில் கம்பி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அழுத்திய வாயுவை அந்த இடத்தில் வைத்தது. எங்கள் ஊரிலோ ரேஸ்காரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். சின்ன இன்ஜின், எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஓட்டுபவனின் திறமைதான் பேச வேண்டும் என்பது அதன் சங்கதி. செட்டிபாளையம் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே வரும் நல்ல டீம்களின் மெக்கானிக்குகள் ஸ்பிரிங்கின் பிராண்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும்; அதில் எந்த வால்வில் என்ன உயரம், போன ரேஸுக்குப் பிறகு எத்தனை கிலோ குறைந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இனி நான் கேட்க வந்தது. ஸ்பிரிங் மாற்றிக் கொடுக்கும் எந்தப் பட்டறையும் ஒவ்வொரு வால்வுக்கும் மூன்று எண்களைப் பில்லின் பின்பக்கமாவது எழுதித் தர வேண்டும்: ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் உயரம், அந்த உயரத்தில் அழுத்தம், முழு லிஃப்ட்டில் சுற்று ஒட்டுவதற்கு எவ்வளவு மிச்சம். வண்டிக்காரர்கள் காசு கொடுப்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். இப்போதைய வழக்கம் "ஸ்பிரிங் செட் 1, லேபர்" என்று எழுதி, கீழே மொத்தம். நாளைக்கு இன்ஜின் போனால் ஸ்பிரிங் விற்றவர் மெக்கானிக்கைச் சொல்வார், மெக்கானிக் ஓட்டியவனைச் சொல்வார், ஓட்டியவன் விதியைச் சொல்வான். எண் எழுதியிருந்தால் யார் வேலை கோணியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இதைச் சொன்னதற்கு எங்கள் தொழில்காரர்களே கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். பதினாறு வால்வை அளந்து ஷிம் பார்க்க அரைநாள் போய்விடும், அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாங்குபவர்களும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஸ்பிரிங் கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, அளக்கும் கூலியில் ஐந்நூறு குறைக்கச் சொல்லும் ஆட்களை நான் தினம் பார்க்கிறேன். ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் வால்வு கிரைண்டிங் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், இந்த உயரம் பார்க்கும் வேலையையும் மாணவர்கள் கையால் செய்ய வைத்தால் நன்றாக இருக்கும். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு வால்வு அரைக்கத் தெரிகிறது. அரைத்தால் தண்டு எழும்பும் என்பதைப் பெரும்பாலும் இங்கே வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பயந்து உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. காலை ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா, ஆயில் கூடுதலாகக் குறைகிறதா, புதிதாக டிக் சத்தம் உண்டா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ராக்கர் கவரை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். நல்ல டார்ச் ஒன்று போதும். கேமின் மூக்கில் கோடு விழுந்திருக்கிறதா, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே பளபளப்பு தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதுவரை ரெவ்வைப் பழைய லிமிட்டிலேயே வைத்து ஓட்டுங்கள். மெக்கானிக் கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராமல், எந்த வால்வில் எது இருந்தது என்று நூலில் கட்டி, ஆயில் தடவி வீட்டில் வையுங்கள். கேமைப் பழையபடி மாற்றும் அன்றைக்கு அவை வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஹெட் வேலை செய்யும் ஒரு வாசகர்,
கணபதி, கோவை.